கூழ் ஆலையில் வேற்றுலகவாசி

1. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்தேன்.

2. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் பிரிவு.

3. அங்கே வேலை செய்துகொண்டே ஓர் அறிவியல் கதையைத் திரைக்கதையாக எழுதினேன். அதை நானே இயக்குவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்டு எடுத்த முடிவில்லை.

4. கிருஷ்ணகிரியில் என் மாமாவின் மாம்பழக்கூழ் ஆலையில், பழம் வராத மாதங்களில், படத்தை எடுத்து முடித்தோம்.

5. சென்னையில் அதைப் பார்த்தவர்கள் கதையை வைத்துக்கொள்கிறோம், இயக்குநரை மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

6. குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு விவசாயி என் வேற்றுலகவாசியை விலைக்குக் கேட்டார்.

இப்படி வரிசையாக எழுதினால் ஒன்றிலிருந்து ஒன்று தானாக நடந்தது போலத் தெரிகிறது. ஒன்று முதல் நான்கு வரை கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. ஐந்தாவதைத் தாண்டி ஆறாவதற்கு வந்ததுதான் கொஞ்சம் வேலை வாங்கியது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். சீசன் முடிந்து மூடிக் கிடக்கும் ஒரு கூழ் ஆலை. அங்கே ஒரு ஸ்டீல் தொட்டியில் மாட்டியிருக்கும் பிரஷர் கேஜ், தொட்டி காலியாக இருக்கும்போதும் அழுத்தம் காட்டுகிறது. அதைச் சரிபார்க்க ஒரு பெண் டெக்னீஷியன் வருகிறாள். கழற்றிப் பார்க்கிறாள். கேஜில் பிழை எதுவும் இல்லை. வேறோர் உலகத்திலிருந்து வந்த ஒன்று அதற்குள் தங்கியிருக்கிறது. அது பேசினால் முள் நகரும். அடுத்த சீசன் தொடங்கித் தொட்டியில் கூழ் நிறைவதற்குள் அதை எப்படி அனுப்பிவைப்பது என்று அவளும் பாய்லர் ஆபரேட்டரும் யோசிக்கிறார்கள். படம் அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வேற்றுலகவாசிக்கு உடம்பு வைக்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்தேன். உடம்பு வைத்தால் உடை தைக்க வேண்டும். எங்கள் ஊர்த் தையல்காரர் தைத்த வேற்றுலக உடையைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். முள்ளை நகர்த்துவதோ எனக்குத் தெரிந்த வேலை. குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை எடுத்து, அதன் பின்னால் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி, குழாயின் மறுமுனையில் டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வைத்திருக்கும் ரப்பர் பந்தை மாட்டினேன். பந்தை அழுத்தினால் முள் எழும். மெதுவாக விட்டால் தயங்கித் தயங்கி இறங்கும். நடிகர்கள் இருவரையும்விட முள் நன்றாக நடித்தது என்று கேமராக்காரர் சொன்னார். அதில் பொறாமைப்பட யாருக்கும் நேரமில்லை.

கேமராக்காரர் கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடுப்பவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் சொந்தமாக எடிட்டிங் அறை வைத்திருந்தார். நல்ல கை. ஆனால் கல்யாணப் பழக்கம் போகவில்லை. யார் ஆலைக்குள் நுழைந்தாலும் கேமரா தானாக அவர் முகத்துக்குத் திரும்பிவிடும்.

“அண்ணே, அவர் டீ கொண்டு வந்தவரு. படத்துல இல்ல.”

“இருக்கட்டும்மா. நாளைக்கு நான் எங்கேன்னு கேப்பாரு.”

டைட்டிலுக்குப் பின்னால் நட்சத்திரங்கள் வேண்டும் என்று கேட்டேன். அவர் தன் வீடியோ மிக்ஸர் கருவியில் இருந்ததையெல்லாம் போட்டுக் காட்டினார். “ரோஜா இருக்குது. இதயம் இருக்குது. புறா ரெண்டு முத்தம் குடுக்கறது இருக்குது. நட்சத்திரம் யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.”

மாமா என் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்காவைக் கட்டியவர். ஆலையைக் கொடுக்க அவர் தயங்கவில்லை. நிபந்தனைகள் இரண்டு. தொட்டிப் பக்கம் யாரும் செருப்போடு போகக் கூடாது. சொந்தக்காரர்களிடம் சினிமா என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. “மிஷினைப் பத்தின படம்னு சொல்லு. பொய்யும் இல்ல பாரு.” ஜமாத்தில் யாரோ கேட்டபோது, பிள்ளை கேஜ் வேலை செய்யும் விதத்தைப் படம் எடுக்கிறாள் என்று அவரே விளக்கியிருக்கிறார். கேட்டவர் கூட்டுறவு சங்கத்துக்காகவா என்று கேட்டாராம். மாமா ஆமாம், இல்லை இரண்டும் சொல்லாமல் வந்துவிட்டார்.

டெக்னீஷியனாக நடித்தவள் என் பிரிவிலேயே வேலை செய்யும் தோழி. தளிப் பக்கம் சொந்த ஊர், வீட்டில் கன்னடம். பாய்லர் ஆபரேட்டராக நடித்தவர் நிஜமாகவே மாமாவின் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். சூளகிரிக்காரர், வீட்டில் தெலுங்கு. வேற்றுலகவாசிக்கு நான் குரல் கொடுத்தேன். கூழ் அடைக்கும் காலி பேரலுக்குள் தலையை விட்டுப் பேசினால் எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு குரல் வந்தது.

படப்பிடிப்பில் ஒவ்வொரு காட்சிக்கும் நான் சரிபார்க்க வேண்டியவை இருந்தன. முள் எங்கே நிற்கிறது, போன காட்சியில் எங்கே நின்றது, ஸ்பானர் எந்தக் கையில் இருந்தது, ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம். வசனத்தையும் சரிபார்த்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்வேன். சொல்லியிருந்தால் அடுத்த காட்சிக்குப் போவேன்.

முடிந்ததும் மாமா வீட்டுக் கூடத்தில் டிவியைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் பார்த்தோம். மாமி, மாமாவின் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டு விவசாயக் குடும்பம். கேட்கக் கேட்கக் குறைகள் வந்தன. டெக்னீஷியன் சாப்பிடவே இல்லை. ஆலை வாசலில் போர்டு தெரியவில்லை. ஆபரேட்டர் அந்தத் தொப்பியைக் கழற்றியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டேன். பின்னால் சென்னையில் சொன்ன குறையை மட்டும் அந்தக் கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

புதியவர்கள் எடுக்கும் சிறு படங்களை அவ்வப்போது கூட்டம் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்து டிவியில் போடும் ஓர் ஏற்பாடு சென்னையில் இருந்தது. அதற்குப் பொறுப்பாக ஒரு மேடம். கூட ஒரு சார். டேப்பைப் போட்டு முழுவதும் பார்த்தார்கள். நடுவில் எழுந்து போகவில்லை என்பதை நான் கவனித்தேன்.

முடிந்ததும் மேடம் கேட்டார். “இது எந்த மொழிப் படம்மா?”

“தமிழ், மேடம்.”

அவர் சாரைப் பார்த்தார். “உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“அந்தப் பூதம் பேசினது மட்டும் புரிஞ்சுது. அது ஒண்ணுதான் தமிழ்ல பேசுது” என்றார் சார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மேடம் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அப்போதுதான் அவர்கள் காதால் என் படத்தைக் கேட்டேன்.

தோழி தொட்டியைத் தட்டி, “ஒளகே யாரு?” என்கிறாள். ஆபரேட்டர், “லோபல எவரூ லேரும்மா, சும்மா காத்து” என்கிறார். அவள், “காத்துன்னா முள் யாக்கே ஆடுது?” என்கிறாள். உள்ளே யார், உள்ளே யாரும் இல்லை, முள் ஏன் ஆடுகிறது. நான் எழுதியது அதுதான். தமிழில் எழுதியிருந்தேன். அவர்கள் தினமும் பேசுகிறபடி பேசியிருந்தார்கள். ஓசூரில் ஒரு கேள்வி ஒரு மொழியில் கிளம்பி, பதில் இன்னொரு மொழியில் வரும். நடுவில் ஒருவர் மூன்றாவதில் கிண்டல் செய்வார். யாரும் நின்று கவனிப்பதில்லை. எனக்கும் பொருள் வந்து சேர்ந்தது, மொழி காதில் விழவில்லை. படம் எடுத்த அத்தனை பேரிலும், பார்த்த அத்தனை பேரிலும் ஒருவருக்குக்கூட விழவில்லை.

மேடம் அன்பாகத்தான் பேசினார். “கதை நல்லா இருக்கு. சும்மா சொல்லல. கதையை எங்ககிட்ட குடுத்துடுங்க. இங்க ஒரு டைரக்டர் இருக்கார், செட் போட்டு அழகா எடுத்துடுவார். கதைன்னு உங்க பேர் வரும்.”

“டைரக்ஷன், மேடம்?”

“அது அவர்.”

“அடுத்த கூட்டம் எப்போ?”

“எதுக்கும்மா?”

“சரி பண்ணிக் கொண்டு வர்றேன்.”

“மறுபடி எடுக்கப் போறீங்களா?”

“இல்ல மேடம். சரி பண்ணப் போறேன்.”

அடுத்த கூட்டம் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் படம் சரியாகிவிட்டால் நான் இயக்குநர். ஆகாவிட்டால் வேறொருவர் எடுக்கும் படத்துக்குக் கதை கொடுத்தவள். கதை கொடுப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கேஜுக்குள் இருப்பது எந்த நொடியில் தயங்க வேண்டும் என்பது கதையில் வராது. அது ரப்பர் பந்தைப் பிடித்திருக்கும் கையில் வரும். அந்தக் கையை நான் யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை. எப்படிச் சரி செய்வேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததை மேடத்திடம் சொல்ல அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது ஆலை வாசலில் தோத்தாபுரி மாம்பழ லாரிகள் வரிசையில் நின்றன. சீசன் தொடங்கிவிட்டது. ஆபரேட்டருக்குத் தலை சொறிய நேரமில்லை. மாமா என்னைப் பார்த்ததுமே சொன்னார்: “டேங்க்ல இப்போ கூழ் இருக்குது. உன் ஆளை எங்கே உக்கார வைப்பே?”

ஆகவே மறுபடி எடுப்பது என்ற வழி அடைபட்டது. முதலில் டப்பிங் செய்து பார்த்தோம். எடிட்டிங் அறையில் தோழியை உட்கார வைத்து, அவளுடைய வசனங்களைச் சுத்தமான தமிழில் பேசச் சொன்னேன். உதடு ஒரு பக்கம் போனது, சொல் ஒரு பக்கம் போனது. அதைவிட மோசம், அவள் குரலே மாறிப்போனது. கேஜைத் தட்டி அதட்டியவள் இப்போது ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசித்தாள்.

“பாப்பா பேசறது வேளாண்மைச் செய்தி மாதிரி இருக்குது” என்றார் கேமராக்காரர்.

தோழி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “நான் பேசறது இப்படித்தானே? அஞ்சு வருஷமா உன்கிட்ட இப்படித்தானே பேசறேன்? டிவின்னா நான் வேற ஆளா ஆயிடணுமா?”

“இல்ல.”

“மத்தே?”

மத்தே என்றால் கன்னடத்தில், பிறகென்ன என்று பொருள். டப்பிங்கை அன்றோடு நிறுத்தினேன்.

அவள் கேள்விக்குப் பதில் நான் வேலை செய்யும் மேஜையில் கிடைத்தது. ஒரு கேஜைச் சோதித்துக்கொண்டிருந்தேன். எந்த அழுத்தம் கொடுத்தாலும் ஒரே அளவு கூட்டிக் காட்டியது. அப்படிப்பட்ட கேஜை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. ஒரு முறை ஒரு மாதிரி, மறுமுறை வேறு மாதிரி காட்டினால்தான் போட வேண்டும். எப்போதும் ஒரே மாதிரி பிழை காட்டினால், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எழுதி அதன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவோம். பார்ப்பவர் சீட்டைப் படித்துவிட்டு முள்ளைப் படிப்பார். சரியான அளவு கிடைத்துவிடும்.

என் படமும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரிதான் பிசகியிருந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும். யார் பக்கத்தில் ஒட்டுவது என்பதுதான் கேள்வி. படத்தில் உதடு இல்லாத பாத்திரம் ஒன்றே ஒன்று. அதன் குரல் நான். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், எந்த நடிகரையும் கூப்பிட வேண்டாம், எந்தத் தொட்டியையும் காலி செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, படத்தின் தொடக்கத்தில் ஒரு புதுக் காட்சி: வேற்றுலகவாசி ஆலைக்கு வருமுன் வேறோர் இடத்தில் காத்திருந்து, மனிதர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுகிறது. இரண்டாவது, அதன் வசனம் முழுவதையும் திருப்பி எழுதுவது.

புதுக் காட்சிக்குக் குந்தாரப்பள்ளிச் சந்தையைவிட நல்ல இடம் கிடையாது. மாடு, ஆடு, கயிறு, பானை, பழைய இரும்பு எல்லாம் வரும். மூன்று மொழிக்காரர்களும் வருவார்கள். பழைய குழாய்களும் நட்டு போல்ட்டும் விற்கும் ஒருவரிடம் கேட்டு, அவருடைய சாக்கு விரிப்பின் ஓரத்தில் எங்கள் கேஜை வைத்தோம். தோழி குடையைப் பிடித்துக் கேமராக்காரரை மறைத்தாள். அவர் கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார். நான் கடைக்காரருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சாக்குக்கு அடியில் போன குழாயின் முனையில் பந்தைப் பிடித்திருந்தேன். யாராவது சத்தமாகப் பேசினால் முள்ளை ஏற்றுவேன். பக்கத்தில் மாட்டுத் தரகர் ஒருவர் தெலுங்கில் மாட்டைப் புகழ்ந்தார். வாங்க வந்தவர் கன்னடத்தில் பல்லைக் குறை சொன்னார். இருவரும் தமிழில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். விலை பேசுவது மட்டும் துண்டுக்கு அடியில் விரல்களைத் தொட்டு நடந்தது, அதனால் முள் அசையவில்லை.

அப்போது ஒரு விவசாயி வந்து குனிந்து கேஜைப் பார்த்தார்.

“இதி எந்தய்யா?” என்று கடைக்காரரிடம் கேட்டார்.

கடைக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு விலையைச் சொல்லிவிட்டார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தேன். இழுத்த வேகத்தில் மறுகையில் இருந்த பந்து அழுந்தி, முள் விருட்டென்று மேலே போனது.

விவசாயி பின்வாங்கவில்லை. இன்னும் கிட்டே குனிந்தார். தமிழுக்கு மாறினார். “என்னாய்யா இது, விலை சொன்னதும் துள்ளுது? இதுக்கு உசுரு இருக்குதா?”

“அது விக்கறதுக்கு இல்லீங்க” என்றார் கடைக்காரர்.

“அப்புறம் என்னாத்துக்கு விலை சொன்னே?”

கடைக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். விவசாயி முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். நான் பந்தை மெதுவாக விட்டேன். முள் தயங்கித் தயங்கி இறங்கியது. அவர் அதைக் கடைசிவரை பார்த்தார். அவர் முகத்தில் வந்ததை நான் எந்த நடிகரிடமும் கேட்டு வாங்கியிருக்க முடியாது. கேமராக்காரரின் கல்யாணப் பழக்கம் அன்றுதான் எனக்கு உதவியது. புது முகம் வந்ததும் கேமரா தானாக அங்கே திரும்பியிருந்தது.

பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, டிவியில் போடலாமா என்று கேட்டோம்.

“போட்டுக்கோங்க. அதைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?” என்றார்.

மாட்டோம் என்றதும் வருத்தத்தோடு மாட்டுப் பக்கம் போனார்.

“இதுக்கு உசுரு இருக்குதா” என்பது இப்போது படத்தின் முதல் வசனம். அதற்குப் பிறகு என் குரல் வருகிறது: “இவர்கள் எல்லாருக்கும் ஒரே மொழி. அதில் சொற்கள் மட்டும் மிக அதிகம்.” சீட்டு ஒட்டியாயிற்று.

மற்ற வசனங்களை அதற்கேற்ப மாற்றினேன். வேற்றுலகவாசி தான் கேட்டதைத் தமிழில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளும், ஆனால் கேட்ட சொல்லில் ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளும். தோழி, “ஏனு பேக்கு நினகே?” என்று அதட்டுவாள். அது, “எனக்கு என்ன பேக்கு என்றா கேட்கிறாய்? எதுவும் வேண்டாம்” என்னும். ஆபரேட்டர், “நீள்ளு காவாலா?” என்பார். அது, “நீள்ளு என்பது தண்ணீர்தானே? எனக்குத் தாகம் கிடையாது” என்னும். கன்னடமும் தெலுங்கும் தெரியாதவருக்கும் ஒரு வசனம் விடாமல் புரிந்தது. ஆலை ஓடும் சத்தத்துக்கு எட்டாத மூலை ஒன்றைப் பிடித்து, பேரலுக்குள் தலையை விட்டு எல்லாவற்றையும் மறுபடி பேசினேன்.

மாமா அந்தப் பக்கம் வந்தார். “தலை மாட்டிக்கிச்சுன்னா வெல்டரைத்தான் கூப்பிடணும். அவன் சீசன்ல வர மாட்டான், சொல்லிட்டேன்.”

கூட்டத்துக்கு முன் டேப்போடு சென்னையில் இருந்தேன். அதே அறை, அதே இருவர். விவசாயி குனிந்து பார்க்கும் இடத்தில் மேடம் நாற்காலியை டிவிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். “எனக்கு என்ன பேக்கு” வந்தபோது சார் சிரித்தார்.

“நல்லாப் பேசிட்டிருந்த பூதத்தையும் கெடுத்துட்டீங்க” என்றார்.

“ஊர் அப்படி சார்” என்றேன்.

மேடம் கேட்டார். “அந்த விவசாயியா நடிச்சது யாரு? பழைய நாடக நடிகரா?”

“நடிக்கல மேடம். நிஜமாவே வாங்க வந்தார்.”

“கையில என்ன வெச்சு முள்ளை ஆட்டினீங்க?”

சொன்னேன். ரப்பர் பந்து பையில் இருந்தது, எடுத்துக் காட்டினேன். அவர் வாங்கி ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்த டைரக்டர்கிட்ட நான் சொல்லிடறேன். இதை அவர் எடுக்க முடியாது. மெட்ராஸ்ல செட் போட்டா வெறும் கேஜ்தான் இருக்கும்.” தொட்டியைக் கழுவும் காட்சியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். எனக்கும் அது நீளமாகத்தான் தெரிந்தது. குறைத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் ஒளிபரப்பானது. மாமா வீட்டுக் கூடத்தில் அதே கூட்டம். டெக்னீஷியன் இந்த முறையும் சாப்பிடவில்லை என்று மாமி குறைப்பட்டார். கடைசியில் கதை, திரைக்கதை, இயக்கம் என்று மூன்று வரிகளும் என் பேரும் வந்தன. நாலு மூலையிலும் ரோஜா இருந்தது. கேமராக்காரரை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

இப்போதைய நிலை இது. தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன், படம் எடுக்கும்போது சம்பளமில்லாத விடுப்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது திரைக்கதையைச் சென்னையில் ஏற்றுக்கொண்டார்கள். கர்நாடக எல்லையில், சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும் ஒரு லாரிக்குள் நடக்கும் கதை. அதே தோழி, அதே ஆபரேட்டர், அதே கேமராக்காரர். மாம்பழ சீசன் முடிந்ததும் படப்பிடிப்பு. இயக்கம் நான்.